சின்ன ஆம்ப்புக்கு எத்தனை அங்குல ஸ்பீக்கர்?

1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் விற்பனையான சின்ன வால்வு கிட்டார் ஆம்ப்களில் பெரும்பாலானவை 8 அங்குல ஸ்பீக்கருடன் வந்தவை. சிலவற்றில் 6 அங்குலம் இருந்தது, சிலவற்றில் 10. 12 அங்குலம் வேண்டுமென்றால் விலைப்பட்டியலில் ஒரு படி மேலே போக வேண்டும். அந்தக் காலத்து ஆம்ப் ஒன்றை இன்று வாங்குபவர்களும், அதே சர்க்யூட்டை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுபவர்களும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: 8 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 10 அல்லது 12 போட்டால் ஒலி பெரிதாகுமா? பெரும்பாலும் ஆகும். ஆனால் அந்தப் பெருமையில் விட்டத்துக்குச் சேரும் பங்கு நினைப்பதைவிடக் குறைவு. பெட்டி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் உணர்திறன் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு பார்க்க வேண்டியது அது.

இந்த வகை ஆம்ப்களுக்கு அடையாளமாகிவிட்டது ஃபெண்டர் சாம்ப். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1948இல் சாம்பியன் 800 என்ற ஆம்ப்பை வெளியிட்டார்; அதில் 8 அங்குல ஸ்பீக்கர். அடுத்த ஆண்டே வந்த சாம்பியன் 600இல் 6 அங்குலம். பெயரிலேயே அளவு ஒட்டியிருந்தது. மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரைக் கற்க வரும் மாணவர்களுக்குக் கிட்டாரோடு சேர்த்து விற்ற ஆம்ப் அது. 1950களின் நடுவில் சாம்ப் என்று பெயர் சுருங்கியது; ஸ்பீக்கரும் விரைவில் மறுபடி 8 அங்குலமானது. 1982 வரை அது மாறவில்லை. அதற்கு ஒரு படி மேலே இருந்த பிரின்ஸ்டன் முதலில் 8 அங்குலத்துடன் வந்தது. 1961இல் இரண்டு அவுட்புட் வால்வுகளும் 12 வாட்டுமாக மறுபிறவி எடுத்தபோது 10 அங்குலத்துக்கு மாறியது. ஹார்வர்டும் 10. டீலக்ஸ் 12. வாட் ஏற ஏற அங்குலமும் ஏறியது என்றே பட்டியல் சொல்கிறது.

இந்த வரிசையை வகுத்ததில் இசைக் காதைவிட விலைக் கணக்குக்கே கை அதிகம். சாம்ப்பின் 5எஃப்1 சர்க்யூட்டில் மூன்றே வால்வுகள்: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபயராக ஒரு 5ஒய்3. அன்றைய வீட்டு வால்வு ரேடியோவின் ஒலிப்பகுதிக்கு இது கூடப்பிறந்த தம்பி. ஆர்சிஏ நிறுவனத்தின் வால்வுக் கையேட்டிலேயே 6வி6 வால்வுக்கு 250 வோல்ட், 5000 ஓம் சுமை, நாலரை வாட் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பொருத்தமான டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் ரேடியோச் சந்தையில் மலிவாகக் கிடைத்தன. சியர்ஸ் கடைகளுக்காக டேன்எலெக்ட்ரோ தயாரித்த சில்வர்டோன் கிட்டார்களில் இந்தச் சிக்கனம் உச்சத்துக்குப் போனது: கிட்டாரை வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்பும் ஸ்பீக்கரும் அடங்கிவிட்டன.

இனி விட்டம் உண்மையில் என்ன செய்கிறது என்பது. 8 அங்குலம் என்று சொல்வது ஃபிரேமின் வெளி விட்டத்தை. அசைந்து காற்றைத் தள்ளும் கோன் அதைவிடச் சிறியது. கோனின் பரப்பு 8 அங்குலத்தில் சுமார் 215 சதுர செ.மீ., 10 அங்குலத்தில் சுமார் 340, 12 அங்குலத்தில் சுமார் 530. அங்குலத்தில் ஒன்றரை மடங்கு ஏறினால் பரப்பில் இரண்டரை மடங்கு. ஃபெண்டரே 1952இல் ஒற்றை 15 அங்குலத்துடன் வந்த பேஸ்மேன் ஆம்ப்பைச் சில ஆண்டுகளில் நான்கு 10 அங்குலமாக மாற்றினார். பரப்பளவில் பார்த்தால் நான்கு பத்துகள் ஒரு பதினைந்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஸ்வரத்தை ஒரே அளவு உரக்கச் சொல்ல, 8 அங்குலக் கோன் 12 அங்குலக் கோனைவிட இரண்டரை மடங்கு தூரம் முன்பின் போய்வர வேண்டும். பழைய மலிவு ஸ்பீக்கர்களின் வாய்ஸ் காயில் குட்டையானது. கொஞ்சம் அதிகமாக நகர்ந்தாலும் காந்த இடைவெளியைவிட்டு வெளியே வந்துவிடும். சாம்ப்பில் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பி அடித்தந்தியை ஓங்கி மீட்டினால் கேட்கும் அந்தப் பொதபொதப்பில் வால்வின் பங்கு கொஞ்சம், கோன் திணறுவதன் பங்கு கொஞ்சம். அதோடு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இயல்பாக அதிரும் ஓர் ஒத்ததிர்வு எண் உண்டு. அதற்குக் கீழே ஒலி வேகமாகச் சரியும். 8 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்களில் இது பொதுவாக 100 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். 12 அங்குலத்தில் 75 முதல் 100 வரை. ஆக, சின்ன ஸ்பீக்கரில் அடித்தந்தியின் அடிப்படை ஸ்வரம் ஏறக்குறைய வெளியே வருவதே இல்லை. அதன் இரண்டாம், மூன்றாம் மேற்சுரங்களிலிருந்து காது அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. குறை உடனே தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

இதுவரை எல்லாம் 12 அங்குலத்துக்குச் சாதகம். பெட்டியை மறந்ததால் வந்த சாதகம் அது.

சாம்ப், பிரின்ஸ்டன் போன்றவற்றின் பெட்டி பின்புறம் திறந்தது. கோன் முன்னால் தள்ளும் ஒவ்வொரு முறையும் பின்னால் அதே அளவு இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் நேர்எதிர். பெட்டியின் ஓரத்தைச் சுற்றிவந்து இரண்டும் சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உயர்ந்த ஸ்வரங்களுக்கு இது பொருட்டில்லை. அவற்றின் அலைநீளம் சிறியது. 82 ஹெர்ட்ஸின் அலைநீளமோ 4 மீட்டருக்கும் மேல். சாம்ப் பெட்டியின் முகப்பு ஏறக்குறைய ஓர் அடிச் சதுரம். கோனின் முன்னிருந்து பின்னுக்குச் சுற்றிவரும் வழி அரை மீட்டரைத் தாண்டாது. இப்படிப்பட்ட பெட்டியில் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி இறங்கத் தொடங்கி, ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 6 டெசிபல் வீதம் குறைந்துகொண்டே போகும். அந்தப் பெட்டிக்குள் எந்த விட்டத்தில் ஸ்பீக்கரைத் திணித்தாலும் இந்தச் சரிவு மாறாது. 12 அங்குலம் தரக்கூடிய பேஸ் வெளிவர முகப்புப் பலகையும் பெரிதாக வேண்டும். டீலக்ஸ் அளவுப் பெட்டியில் சரிவு தொடங்கும் இடம் கணிசமாகக் கீழிறங்குகிறது. இதைச் சோதிக்கச் செலவு ஒன்றுமில்லை. சாம்ப்பை மேசை மீது வைத்து ஒருமுறையும், அறை மூலையில் சுவரை ஒட்டித் தரையில் வைத்து ஒருமுறையும் வாசித்தால் போதும். தரையும் சுவரும் முகப்புப் பலகையின் நீட்சியாக வேலை செய்வதால் அதே 8 அங்குலம் சட்டென்று தடித்துப் பேசும். ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் பலருக்கு இந்த இடமாற்றமே போதுமானதாக இருக்கும்.

இரண்டாவது தடை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒற்றை அவுட்புட் வால்வு கொண்ட சர்க்யூட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வழியே எப்போதும் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இரும்பு அதிலேயே நிறைந்துவிடாமல் இருக்க உள்ளே காற்றிடைவெளி விட்டுக் கட்டுவார்கள். அதற்கு விலையாக இண்டக்டன்ஸ் குறைந்து பேஸ் போய்விடுகிறது. போதாததற்குச் சாம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கையில் அடங்கும் அளவு. அது தராத பேஸை எந்த ஸ்பீக்கராலும் உண்டாக்க முடியாது. பழுதுபார்ப்பவர்களில் அனுபவசாலிகள், 12 அங்குலம் கேட்டு வருபவர்களிடம் முதலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேசுவது இதனால்தான். ஆனால் அதை மாற்றினால் ஆம்ப்பின் குணமும் மாறும். பேஸ் தானாகவே வடிகட்டப்படுவதால்தான் சின்ன ஆம்ப் முழு வால்யூமில் குழம்பாமல் நறுக்கென்று பேசுகிறது.

சர்க்யூட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் நிலையான எண் அல்ல. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஒத்ததிர்வு எண்ணில் பல மடங்கு ஏறும். உயர் ஸ்வரங்களிலும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். 5எஃப்1 சர்க்யூட்டில் ஸ்பீக்கர் பக்கமிருந்து 22 கிலோ ஓம் வழியாக நெகட்டிவ் ஃபீட்பேக் திரும்பிவருவதால் இந்த ஏற்ற இறக்கம் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஃபீட்பேக் இல்லாத 5இ3 டீலக்ஸ் போன்றவற்றில் ஸ்பீக்கரின் குணம் அப்படியே வெளியே தெரியும். ஒரே ஸ்பீக்கர் ஓர் ஆம்ப்பில் அடக்கமாகவும் இன்னொன்றில் தளர்ந்தும் கேட்பதாக வாசிப்பவர்கள் சொல்வது கற்பனை இல்லை.

ஒலியின் உரத்துக்கு வந்தால் உணர்திறன்தான் பேச்சு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அந்த எண். செலஸ்டியனின் 8 அங்குல ‘எய்ட் 15’ ஸ்பீக்கருக்கு நிறுவனம் தரும் எண் 94. 10 அங்குல ‘டென் 30’க்கு 95. 12 அங்குல கிரீன்பேக்குக்கு 98, அல்னிகோ காந்தம் கொண்ட ‘ப்ளூ’வுக்கு 100. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். 5 வாட் சாம்ப்பை எட்டிலிருந்து ‘ப்ளூ’வுக்கு மாற்றினால் 6 டெசிபல் ஏறும். அதே ஏற்றத்தைப் பழைய ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பெற 20 வாட் ஆம்ப் வேண்டும். கேட்பவரை வியக்கவைப்பது இந்த 6 டெசிபல்தான். அதைத்தான் அவர் ‘12 அங்குல சத்தம்’ என்கிறார். அந்தப் பட்டியலையே மறுபடி பார்த்தால் 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் இடையில் ஒரே ஒரு டெசிபல்தான் வித்தியாசம். 95, 96இல் நிற்கும் 12 அங்குல ஸ்பீக்கர்களும் உண்டு. அவற்றை மாட்டினால் உரம் கூடாமல் நிறம் மட்டும் மாறும்.

உணர்திறன் கூடுவது எப்போதும் நன்மை என்றும் சொல்ல முடியாது. சாம்ப்பை வாங்குபவர்களில் பாதிப் பேர் அதை வாங்குவதே வீட்டில் யாரையும் எழுப்பாமல் வால்வைத் திணறவைத்து வாசிக்கத்தான். அவர்களுக்கு 100 டெசிபல் ஸ்பீக்கர் தவறான தேர்வு. மந்தமான 8 அங்குலம் அவர்களுக்கு உதவிதான் செய்கிறது. மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் கதை வேறு.

அடுத்தது திசை. கோனின் சுற்றளவைவிட அலைநீளம் சிறிதாகத் தொடங்கியதும் ஒலி பரவுவதை விட்டுவிட்டு நேர் எதிரே குவியத் தொடங்கும். 12 அங்குலத்தில் இது 400 ஹெர்ட்ஸ் அருகிலும் 8 அங்குலத்தில் 650 அருகிலும் ஆரம்பிக்கிறது. மேலே போகப்போகக் குவிதல் கூடும். ஆகவே 12 அங்குலத்தின் நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு ட்ரெபிள் காதைக் குத்தும், பக்கவாட்டில் இருப்பவருக்கு மங்கிக் கேட்கும். சின்ன அறையில் 8 அங்குலம் இந்த விஷயத்தில் நியாயமாக நடந்துகொள்கிறது.

ஸ்டுடியோவில் நிலைமை முற்றிலும் வேறு. மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து ஓரிரு அங்குலத்தில் வைத்தால் பெட்டியின் பின்னலை, அறை, கேட்பவர் இருக்கும் கோணம் மூன்றும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இசைக்கலவையில் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், அடிப்பகுதி மெலிந்து நடுப்பகுதி துருத்தி நிற்கும் 8 அங்குல ஒலி சரியாகப் பொருந்துகிறது. 1970இல் மயாமியின் கிரைடீரியா ஸ்டுடியோவில் டாம் டௌட் மேற்பார்வையில் ‘லைலா’ இசைத்தட்டு பதிவானபோது எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் பயன்படுத்தியவை சாம்ப் ஆம்ப்கள். அந்த இசைத்தட்டைக் கேட்பவர் யாரும் கிட்டார் சிறிதாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

ஸ்பீக்கரை மாற்றத் தீர்மானித்துவிட்டால், அளவுக்கு முன் பார்க்க வேண்டியது ஓம் கணக்கு. பழைய சாம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் 3.2 அல்லது 4 ஓம் ஸ்பீக்கருக்காகச் சுற்றப்பட்டது. அதில் இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வு காணும் சுமை இரட்டிப்பாகும். பவர் குறையும், ஒலியின் நிறம் மாறும். மிதமான வால்யூமில் பெரும்பாலான ஆம்ப்கள் இதைத் தாங்கும். அறுபது வயதான டிரான்ஸ்ஃபார்மரை அப்படிச் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. 16 ஓம் மாட்டுவது இன்னும் ஆபத்து. ஸ்பீக்கரே மாட்டாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டுவது எல்லாவற்றிலும் கேடு: போக வழியில்லாத மின்னழுத்தம் எகிறி டிரான்ஸ்ஃபார்மரின் காப்பை உடைத்துவிடும். பெயரெழுத்து அழிந்த ஸ்பீக்கரை மீட்டரில் அளக்கலாம். காட்டும் எண், எழுதிய ஓமைவிட எப்போதும் கொஞ்சம் குறைவாக இருக்கும். 3 ஓமுக்கும் மூன்றரைக்கும் இடையில் காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 6க்கும் 7க்கும் இடையில் காட்டினால் 8.

தாங்கும் வாட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 5 வாட் என்பது சுத்தமான ஒலிக்கான கணக்கு. திணறும்போது அது கூடும் என்பதால் 10 வாட்டுக்குக் குறையாமல் தாங்கும் ஸ்பீக்கராக இருந்தால் போதும். காந்தத்தில் அல்னிகோவா செராமிக்கா என்ற விவாதம் முடிவில்லாதது. கோபால்ட் தேவைப்படுவதால் அல்னிகோவுக்கு விலை எப்போதும் அதிகம். சின்ன ஆம்ப்பில் கோனின் தாளும் விளிம்பும் உண்டாக்கும் வேறுபாடு காந்தத்தின் வேறுபாட்டைவிடப் பெரிது.

பழைய ஸ்பீக்கரைக் கழற்றும் முன் அதன் ஃபிரேமில் முத்திரையிட்ட எண்ணைப் படிப்பது நல்லது. முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனம்: 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபர்ட், 137 சிடிஎஸ். அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு வாரம். 465412 என்றால் ஆக்ஸ்ஃபர்ட், 54 அல்லது 64, பன்னிரண்டாவது வாரம். அது இருப்பது 60களில் வந்த கறுப்பு முகப்பு சாம்ப்பில் என்றால் 1964தான். ஜென்சனின் மாடல் பெயரும் தகவல் பொதிந்தது. பி12ஆர் என்பதில் பி அல்னிகோ காந்தத்தையும், 12 அங்குலத்தில் விட்டத்தையும் குறிக்கும். கடைசி எழுத்து வலுவைக் குறிக்கும்: ஆர் என்றால் வாய்ஸ் காயில் 1 அங்குலம், கியூ என்றால் ஒன்றேகால், என் என்றால் ஒன்றரை. சியில் தொடங்கினால் செராமிக். ஆம்ப்பின் தேதியோடு ஒத்துப்போகும் அசல் ஸ்பீக்கர் கிழிந்திருந்தாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது. புதுக் கோன் ஒட்ட முடியும். விற்கும்போது அதற்கு மதிப்பும் உண்டு.

மாற்று வழிகளில் மிக எளியது, நல்ல புதிய 8 அங்குலம். பழைய ரேடியோ ரக ஸ்பீக்கருக்கும் இன்றைய நல்ல எட்டுக்கும் இடையிலான தூரம், எட்டுக்கும் பத்துக்கும் இடையிலானதைவிட அதிகம். அடுத்தது 10 அங்குலம். 8 அங்குலத்துக்கான துளை சுமார் 180 மி.மீ., 10க்கு சுமார் 232. அசல் பலகையைப் பெரிதாக அறுத்தால் பழையபடி ஆக்க முடியாது. புதுப் பலகை வெட்டி மாட்டி, பழையதை எடுத்து வைப்பதுதான் முறை. பெரிய ஸ்பீக்கரின் ஃபிரேமோ காந்தமோ மேலே தொங்கும் வால்வுகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் இடிக்கிறதா என்பதை அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆம்ப் குடும்பத்துக்கு 10 அங்குலமே நடுநிலையான அளவு. ஃபெண்டரே 2021இல் ‘68 கஸ்டம்’ வரிசையில் 5 வாட் வைப்ரோ சாம்ப் ரிவெர்பை வெளியிட்டபோது 8 அங்குலத்தை விட்டு ‘டென் 30’ஐத்தான் போட்டது.

பெட்டிக்குள்ளேயே 12 அங்குலம் என்பதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ராண்டால் ஸ்மித் பிரின்ஸ்டன் ஆம்ப்களில் ஜேபிஎல் 12 அங்குலத்தைப் பொருத்தினார். மெசா பூகி நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் அவர் ஸ்பீக்கரை மட்டும் மாற்றவில்லை. டிரான்ஸ்ஃபார்மர்களைப் பேஸ்மேன் அளவுக்கு உயர்த்தி, பவரையும் பல மடங்காக்கிய பிறகு மிஞ்சியது பிரின்ஸ்டனின் பெட்டி மட்டுமே. அந்தக் கதையைச் சொல்லி 5 வாட் ஆம்ப்பில் 12 அங்குலத்தைத் திணிப்பவர்கள் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

5 வாட்டுக்கு 12 அங்குலம் வேண்டுமென்றால் சரியான வழி தனிப்பெட்டி. ஆம்ப்பைத் தொடாமல், உள் ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றி, பெரிய முகப்புள்ள வெளிப்பெட்டியில் இருக்கும் 4 ஓம் 12 அங்குலத்துக்குக் கொடுத்தால், பெட்டி, விட்டம், உணர்திறன் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும். சில பழைய மாடல்களில் ஸ்பீக்கர் ஒயர் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை வெட்டாமல் பற்றைப் பிரித்து, இடையில் ஒரு பிளக்கும் சாக்கெட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே நேரத்தில் இணையாக ஓட்டும் ஆசை வரும்போது மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும்: இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2 ஓம். உள்ளே 4, வெளியே 8 என்றால் சுமார் 2.7 ஓம். 3.2 ஓமுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டாவது சேர்க்கை பழுதில்லை. பவரில் மூன்றில் இரண்டு பங்கு உள் ஸ்பீக்கருக்கே போகும் என்பதால் பழைய எட்டின் பக்கம்தான் காது வைத்திருக்க வேண்டும்.